பை என் தோளில்தான்

பாக்கலாம்னு சொன்னாரு. வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல, பாக்கலாம். கயித்துக்கு அக்கட்ட அத்தனை ஜனம் நின்னு சென்னி சென்னின்னு கத்துது, சென்னியப்பன்னு முழுசாச் சொல்ல அவங்க வாய்க்கு வளையல, கடல்காத்து ஒரு காதுல பூந்து இன்னொரு காதுல வெளிய வருது, நெஞ்சு திடும் திடும்னு அடிச்சுக்குது, கடைசிக் குழி இது, பதினெட்டாவது, இது முடிஞ்சுதுன்னா எங்கூட்டுக்காரர் உலகத்துல இருக்கற பெரிய கோல்ஃப் போட்டி நாலுல ஒண்ணை ஜெயிச்ச மனுசன், கோயமுத்தூர்ல பம்புசெட் பட்டறை வெச்சிருந்த குடும்பத்துல இருந்து ஸ்காட்லாந்து கடலோரத்துக்கு வந்து, அதும் சும்மா தட்டுத்தடுமாறி இல்ல, ஒன்பது ஷாட் முன்னால. கோல்ஃப்ல கம்மியா அடிச்சவன்தான் கெட்டிக்காரன். ரெண்டாவதா இருக்கற ஸ்வீடன்காரன் லார்ஸ் எங்ககூடத்தான் ஆடறான், நல்ல மனசுக்காரன், அவனே ஜெயிக்கற நெனப்பை எப்பவோ உட்டுப்போட்டு இவரு அடிக்கறதை வேடிக்கை பாத்துட்டு வர்றான். நான் சந்தோசத்துல குதிக்கோணும். குதிச்சுட்டுத்தான் இருக்கறேன், உள்ளுக்குள்ள. இவரு குச்சியெல்லாம் இருக்கற இந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வெளிய எங்க குதிக்கறது. ஆனா ஒவ்வொரு குதிக்கும் நடுவால அந்தப் பாக்கலாம் வந்து கால்ல சிக்குது.

நேத்துச் சாப்படறப்பத்தான் அது. வாடகைக்கு எடுத்த ஊட்ல நான் ரசம் வெச்சிருந்தேன், இந்த ஊர்க் குளிருக்கு மொளகு எச்சாப் போட்டு, மேனேஜர் நிதின் பம்பாய்க்காரன், மூக்கை உறிஞ்சிக்கிட்டே ரெண்டாந்தடவை ஊத்தச் சொன்னான், ஊத்தறேன், ஊத்திட்டு இருக்கறப்பவே என்ற கைக்கு மேலால அவரைப் பாத்து இங்கிலீஷ்ல சொல்றான்: ஜெயிச்சாலும் சரி தோத்தாலும் சரி, அடுத்த வாரத்துல இருந்து பை தூக்கறதுக்குத் தொழில்காரன் ஒருத்தன் வேணும், டோனல்னு ஒருத்தன் இருக்கறான், பெரிய பெரிய சாம்பியனுக்கெல்லாம் தூக்கினவன், கோகிலா நல்லாத்தான் பண்ணினாங்க, யாரு இல்லைன்னா, ஆனா இனிமேல் ஒரு சின்னத் தப்புக்கூட ஆகக்கூடாது, அவங்களும் பாவம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். என்ற ரசத்தைக் குடிச்சுட்டு எனக்கு ஓய்வு குடுக்கறான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சுச் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன், நான் பி.எஸ்ஸி. கணக்குன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சேதான் சொல்றான். நான் கரண்டியை அப்படியே புடிச்சுட்டு இவரைப் பாக்கறேன். இவரு அப்பளத்தை ஒடச்சுக் கையில வெச்சுட்டு, தட்டத்தையே பாத்துட்டு, பாக்கலாம்னாரு. அவ்வளவுதான். அப்பறம் மோர் கேட்டாரு. குடுத்தேன். குடுக்காம என்ன பண்றது.

இந்த மனுசனோட பாக்கலாமுக்கு அர்த்தம் கண்டுபுடிக்கறதுலயே எனக்குப் பாதி ஆயுசு போச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா மென்னு முழுங்கி, மாப்பளைக்குப் பொண்ணு புடிச்சிருக்குதுங்களான்னு கேட்டதுக்கு இதே பாக்கலாம்தான், எங்கம்மா உள்ள போயி அழுதுபோட்டா, அடுத்த முகூர்த்தத்துல தாலி கட்டினாரு. நான் மேல படிக்கறேனுங்கன்னேன், பாக்கலாம், அது இன்னிக்கு வரைக்கும் பாக்கல. சமையக்கட்டுக்கு ஒரு சன்னல் வெக்கோணுமுங்க, வேர்த்துச் சாவறேன்னேன், பாக்கலாம், மக்யா நாளே கொத்தனார் வந்து நின்னான். ஆக ஒரே வார்த்தை, கல்யாணமும் அதுதான், கல்லாப் போனதும் அதுதான், அவரு மூஞ்சியைப் பாத்துக் கண்டுபுடிக்கலாம்னா மூஞ்சி நல்ல நாள்லயே அம்மிக்கல்லு. நிதினு என்னமோ அதைச் சரின்னு எடுத்துக்கிட்டான், அதனாலதான இன்னிக்கு அந்த டோனலைக் கூட்டிட்டு வந்து கயித்தோரமா நிறுத்தியிருக்கறான், சேப்புத் தொப்பி, பொண்ணு குடுக்க வந்தவன் தோட்டம் தொரவு பாக்கற மாதிரி என்னையும் பையையும் பாத்துட்டே கூட நடந்து வர்றான். நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். இந்த ஒரு குழி. இதைத் தப்பில்லாம முடிச்சுக் குடுத்துட்டேன்னா, ஒன்பது ஷாட்ல, இந்தப் போட்டியில நூறு வருசமா எட்டு ஷாட்டுக்கு மேல எவனும் முந்தி ஜெயிச்சதில்லைன்னு நிதினே சொல்லிட்டுத் திரியறான், அந்த ரெக்கார்டு ஒடையறப்ப பை என்ற தோள்ல இருந்துதுன்னா, அப்பறம் எவன் வந்து எடுக்கறான்னு பாக்கறேன். நானும் பாக்கலாம்னு சொல்லுவேன்.

பைன்னா பை மட்டும் இல்ல, அதை நிதினுக்கு எப்படிச் சொல்றது. பெங்களூர்ல ஒரு போட்டி, நான் பிளாஸ்க்ல காபி ஊத்திட்டு வேடிக்கை பாக்கப் போனவ, அன்னைக்குக் காத்தால இவரு பையைத் தூக்கற ஆளு, கேடிம்பாங்க, வயித்துவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான், இவரு என்கிட்ட வந்து தூக்குவியான்னாரு, நான் பிளாஸ்க்கைச் சொல்றாருன்னு நெனச்சேன். மொதக் குழியில ஒண்ணும் பேசல. ரெண்டாவதுல வாய் தாங்காம, மாமா, எதுக்கு இத்தனை கோவமா அடிக்கறீங்க, பந்து உங்களை என்ன பண்ணுச்சுன்னேன். திரும்பிப் பாத்தாரு. சிரிச்சாரு. கல்யாணமாகி ஆறு வருசத்துல அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அன்னைக்கு முச்சூடும் பேசினோம், எனக்குக் காத்து இப்படித் தோணுது, உனக்கு எப்படி, பயமா இருக்குது கோகிலா, இருக்கட்டுமுங்க, பயத்தோடயே அடிங்க. பயமா இருக்குதுன்னு சொன்னாரு, இவரு, எங்க மாமியா முன்னால தும்மக்கூட யோசிக்கற மனுசன். ஆட்ட விதி ஒண்ணு இருக்குது, ஆடறவனுக்கு யோசனை சொல்ற உரிமை அவன் கேடிக்கு மட்டும்தான், கோச்சா இருந்தாலும் பெத்த தகப்பனா இருந்தாலும் வாயைத் தொறக்கக்கூடாது. அந்த விதியை எழுதினவனுக்குக் கோயில் கட்டோணும். ஊட்ல இவருக்கு யோசனை சொல்ல அம்மா உண்டு, பெரியப்பா உண்டு, பங்காளி உண்டு, நான் வரிசையில கடைசி, என்ற மொறை வர்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும். ஊட்ல நாங்க ரெண்டு பேரும் பேசறது அத்தனையும் பொய்தான், சாப்ட்டியா ஆச்சுங்க, மொகம் என்னமோ மாதிரி இருக்குது தலைவலிங்க, கோவமுங்களா அதெல்லாம் ஒண்ணுமில்ல. புல்லுல கால் வெச்சதும்தான் நெசம் பேசுவோம். ஒறம்பரை சனமெல்லாம் சிரிச்சாங்க, பொண்டாட்டியைப் போயிப் பை தூக்க வெக்கறான்னு, கேடியாம்ல கேடின்னு. சிரிக்கட்டும். நான் புருசனோட பேசறதுக்குக் கெடச்ச ஒரே எடம் இது, அதுக்கு இருபது கிலோ தூக்கறேன், வேற எவளையாச்சும் கேட்டுத்தான் பாக்கட்டுமே, எந்தப் பொண்டாட்டி தூக்க மாட்டேன்னு சொல்லுவாளுன்னு.

சரி, ஆட்டத்தைப் பாரு கோகிலா. டிரைவர் குடுன்னு கையை நீட்டறாரு. இருக்கறதுலயே நீளமான குச்சி, தூரமாப் போகும், தப்பினா தப்பினதுதான். எதுக்குங்க மாமா, அதுக்கு அடுத்த சின்னக் குச்சி மூணு வுட் போதும், மெதுவாத் தட்டி விடுங்கன்னேன். ஒன்பது ஷாட் இருக்குதல்லன்னாரு, கண்ணுல ஒரு குறும்பு, அம்மிக்கல்லுல ஒரு குறும்பு, எனக்குச் சிரிப்பு வந்திருச்சு, சிரிச்சதுதான் தப்பு, சிரிச்சுட்டா அப்பறம் கண்டிப்பு எங்க வரும். எடுத்துக் குடுத்தேன். அடிச்சாரு பாருங்க ஒரு அடி, சத்தம் கேட்டதுமே ஜனம் ஓன்னு எந்திரிச்சுது, எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, பந்து மேல மேல போயி, போயி, காத்து அதை நைசா வலது பக்கமாத் தள்ளிட்டுப் போயி மேட்டுக்கு அந்தப் பக்கம் நெட்டைப் புல்லுக்குள்ள உட்டுருச்சு. திரும்பி என்னைப் பாத்தாரு. நான் டிரைவரை வாங்கித் தொடச்சுப் பைக்குள்ள போட்டேன். சொல்லித் தொலைன்னாரு. எதுக்குங்க, ஒன்பது இருக்குதல்லன்னேன். லார்ஸோட கேடிக்குத் தமிழ் தெரியாது, ஆனா அவனுக்கும் சிரிப்பு வந்திருச்சு. என்ன ஒரு சாயங்காலம் இது, சூரியன் கடல்மேல சாஞ்சு புல்லெல்லாம் மஞ்சளா மின்னுது, நடக்கறேன், கால் தரையில பாவல, பை கனமாவே தெரியல, ஊர்ல மாமியா டி.வி. முன்னால உக்காந்திருப்பாங்க, பெரியப்பா உக்காந்திருப்பாரு, மகனைக் காட்டறப்ப பின்னாலயே என்னையும் காட்டித்தான் ஆகோணும், கேமராக்காரன் என்னை வெட்டிட்டுக் காட்ட முடியாது, பை வேணுமல்ல.

பந்து கெடச்சிருச்சு. போட்டிக்கு ஒத்தாசை பண்ண வந்த வயசானவரு ஒருத்தரு அது பக்கத்துல சின்னக் கொடி நட்டு வெச்சிருந்தாரு. தேடறப்பக் கால் பட்டு நகந்தாப் பரவால்ல, கெடச்சப்பறம் தொடக்கூடாது, தொட்டாத் தண்டனை, இது எல்லாருக்கும் தெரிஞ்ச பாலபாடம். பாத்தேன், அதிர்ஷ்டம்தான், புல்லு கத்தையா மடிஞ்சு கெடக்குது, பந்து அது மேல முட்டையாட்டம் உக்காந்திருக்குது, அழகா அடிக்கலாம். இவரு குழியில நட்டிருக்கற கொடிக்கம்பம் எங்க இருக்குதுன்னு பாக்கறதுக்கு மேட்டு மேல ஏறிப் போனாரு, கேமராவும் பின்னாலயே போச்சு, கொடி நட்டவரு திரும்பி ஜனத்தைச் சத்தம் போடாதீங்கன்னு கையமத்திட்டு இருந்தாரு, நடுவர் அம்மா அக்கட்ட லார்ஸ்கிட்ட இருந்தாங்க. நான் அந்தச் சேப்புத் தொப்பியைப் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம். அந்த டோனலு குனிஞ்சு ரெண்டு புல்லைப் புடுங்கி மேல தூவி, காத்து எங்க அடிக்குதுன்னு பாக்கறான். அது என்ற வேலை. என்ற வேலையை அவன் இப்பவே செய்யறான், இந்தக் குழியிலயே, நான் இங்க உசுரோட நிக்கறப்பவே. எனக்கு வந்துதே ஒரு ஆத்திரம், சடார்னு அவன் பக்கமாத் திரும்பினேன், தோள்ல போட்டிருந்த துண்டு நழுவிருச்சு. ஈரோட்டுத் துண்டு, கம்பெனி குடுத்த துண்டு வழுக்குதுன்னு நான் இதைத்தான் போடுவேன், ஒரு பாதியை நனச்சு வெச்சுக்கறது, குச்சியைத் தொடைக்க. அந்த ஈரப் பாதி பொத்துனு பந்து மேல உழுந்துது. எடுத்தேன். பந்து புல்லுக்கத்தை மேல இல்ல. ஒரு விரக்கடை அக்கட்ட, கீழ, வேருக்குள்ள எறங்கிப் போயி உக்காந்திருந்துது.

அய்யோ. சுத்திப் பாக்கறேன், ஒருத்தரும் பாக்கல, ஜனம் இவரைப் பாக்குது, கேமரா இவரைப் பாக்குது, டோனல் வானத்தைப் பாக்கறான், நிதின் போன் பேசறான். வெண்ணெய் திரண்டு வர்றப்பத் தாழி ஒடஞ்ச கதையா ஆயிருச்சே, நாலு நாளு, நாலு நாளும் ஒரு தப்பு இல்ல, கடைசிக் குழியில, அதுவும் துண்டு. கேடி நகத்தினாலும் ஆடறவன் நகத்தின கணக்குத்தான், ஒரு ஷாட் தண்டனை, ஒன்பது எட்டாயிரும். ஜெயிக்கறதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, எட்டும் பெரிய ஜெயம்தான், ஆனா ரெக்கார்டு போச்சு, ரெக்கார்டு போனது யாரால, நிதின் சிரிப்பான், நான் சொன்னேனா இல்லையான்னு, சின்னத் தப்புன்னு சொன்னேனே, இந்தா சின்னத் தப்பு. சொல்லாம உட்டா? யாருக்குத் தெரியும். பந்து அப்பவே கீழதான் கெடந்துதுன்னு நெனச்சுக்குவாரு, அடிக்கறதுக்கு இன்னும் கஷ்டமான எடத்துக்குத்தான் போயிருக்குது, அவருக்கு ஒண்ணும் லாபம் இல்லையே, யாரை ஏமாத்தினேன், ஒருத்தரையும் ஏமாத்தல. கையில எடுத்து மறுக்கா மேல வெச்சுட்டா? சீ, அது திருட்டு. அப்பச் சொல்லாம உடறது என்ன. அது சும்மா இருக்கறது. சும்மா இருக்கறதுக்கு எதுக்குடி இப்படிச் சுத்திச் சுத்திப் பாக்கறே. ஊட்ல நான் சொல்லாத பொய்யா, மாமியா கேட்டா ஒண்ணு, அம்மா போன்ல கேட்டா ஒண்ணு, நல்லா இருக்கறேன் நல்லா இருக்கறேன்னு பத்து வருசமாச் சொல்றேன், நாக்கு என்ன அழுகியா போச்சு. மேட்டு மேல இருந்து எறங்கறாரு. எறங்கி வந்து கேப்பாரு, எப்படி இருக்குதுன்னு, எப்பவும் கேக்கற கேள்வி, பந்தைத் தானாப் பாக்க மாட்டாரு, மொதல்ல என்னைத்தான் கேப்பாரு. நான் புல்லுக்குள்ள எறங்கிக் கெடக்குதுங்கன்னு சொல்லோணும். நெசம் மாதிரியே ஒரு பொய். அவரு நம்புவாரு. அதுதான் கஷ்டம், நம்புவாரு, இந்த மைதானத்துல நான் சொல்றதை அப்படியே நம்பற மனுசன். இன்னைக்கு ஒண்ணு சொல்லிட்டா அப்பறம் இங்கயும் தலைவலிங்க, ஆச்சுங்க, ஒண்ணுமில்லீங்கதான். அப்பறம் இதுவும் எங்க ஊடு ஆயிரும். பை என்ற தோள்லயே இருக்கும், ஆனா எதுக்கு இருக்குது அது. பையைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னா, எதுக்காக அந்தப் பை வேணும்னு நிக்கறனோ அது போயிருதே. சாமி, இந்தக் கணக்கை எந்த பி.எஸ்ஸி.யிலயும் சொல்லிக் குடுக்கல.

வந்துட்டாரு. எப்படி இருக்குதுன்னாரு. மொகத்துல இன்னும் அந்தக் குறும்பு மிச்சம் இருந்துது. துண்டு உழுந்து பந்து நகந்திருச்சுங்க மாமான்னேன். ஒரே மூச்சுல. எப்பன்னாரு. இப்பத்தானுங்க, நீங்க மேட்டுக்குப் போனப்ப, புல்லு மேல நல்லா உக்காந்திருந்துது, என்ற துண்டுதான். குறும்பு போயிருச்சு. பந்தைப் பாத்தாரு, துண்டைப் பாத்தாரு, ஜனத்தைப் பாத்தாரு, அப்பறம் ரொம்ப மெதுவா, ஒதடு அசையாம, யாராச்சும் பாத்தாங்களான்னாரு. கேட்டுட்டாரு. அந்தக் கேள்வியை இவரு வாயில இருந்து நான் எதிர்பாக்கல, ஆனா மனுசன்தான, ரெக்கார்டு அவரோடதுதான, சின்ன வயசுல பட்டறையில கம்பியை வளச்சுக் குச்சி பண்ணி ஆடினவரு, அவருக்கு ஆசை இருக்காதா. நான் பாத்தேனுங்கன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது. என்னைப் பாத்தாரு. அப்பறம் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாரு.

நடுவர் அம்மா புல்லைத் தாண்டிக்கிட்டு வந்தாங்க, கேமராவும் வந்திருச்சு, ஜனம் கப்புனு அடங்கிப் போச்சு, என்னமோ ஆயிருச்சுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருச்சு. பந்தை நகத்தினது யாருன்னு கேட்டாங்க. என்னோட கேடின்னாரு. பொண்டாட்டின்னு சொல்லல, பேரைச் சொல்லல, கேடி. அதுல என்ன இருக்குது, விதிப்படி அதுதான் பதில், ஆனா எனக்கு அதுலயும் சிக்கிருச்சு, பழியைக் கழட்டி வெக்கறாரா, இல்ல நான் இன்னும் கேடிதான்னு சொல்றாரா, குரலை வெச்சுக் கண்டுபுடிக்கலாம்னா குரலும் அம்மிக்கல்லு. ஒரு ஷாட் தண்டனை, பந்தைப் பழைய எடத்துல வெக்கோணும்னாங்க அந்த அம்மா, கண்டிப்பு இல்லாமத்தான் சொன்னாங்க. கயித்துக்கு அக்கட்ட நிதின் தலையில கைய வெச்சுட்டான். டோனல் அவன் காதுல என்னமோ சொல்றான். நீயே வைன்னாரு இவரு. முழங்காலைப் போட்டேன். நகத்தினவங்களே எடுத்து வெக்கலாம், விதி உண்டு, எந்தக் கத்தை, எந்த மடிப்புன்னு எனக்குக் கண்ணுல நிக்குது, வெச்சேன், மறுக்கா முட்டையாட்டம் உக்காந்துக்கிச்சு. எந்திரிச்சேன். இப்பக் கணக்கு என்னன்னா, அடிச்சது ஒண்ணு, தண்டனை ஒண்ணு, இது மூணாவது, இதைக் குழிப் பக்கத்துல போட்டு அடுத்த ஒரே தட்டுல உள்ள தள்ளினாத்தான் அந்த ஒன்பது பொழைக்கும். லார்ஸு ரெண்டே அடியில பந்தைக் குழி இருக்கற வழவழப் புல்லுக்குக் கொண்டு போயிட்டான், அங்க இருந்து ரெண்டு தட்டு, அவன் நாலுல முடிப்பான். நான் பையைப் புடிச்சுட்டு நிக்கறேன். இவரு இனி என்னைக் கேக்க மாட்டாருன்னு நெனச்சேன், கேக்காமத் தானா ஒரு குச்சியை உருவிக்குவாரு, அதுதான் முடிவு, அதுதான் பாக்கலாமுக்கு அர்த்தம். குச்சிங்க மேல கையை வெச்சாரு. எடுக்கல. ஏழாம் நம்பர் குச்சியா எட்டான்னாரு.

ஏழுங்க. என்ற குரல் எனக்கே கேக்கல, மறுக்காச் சொன்னேன், ஏழு, காத்து எதுத்து வருது, பாதி மூச்சை உட்டுப்போட்டு அடிங்க. ஏழை உருவினாரு. நின்னாரு. கொடியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. எப்பவும் என்னைப் பாக்க மாட்டாரு அந்த நேரத்துல. அடிச்சாரு. புல்லு சரக்குனு அறுந்துது, பந்து கெளம்பினதைத்தான் பாத்தேன், மேடு மறைக்குது, எங்க போச்சுன்னு தெரியல, சித்த நேரம் ஒண்ணுமே இல்ல, ஒலகமே வாயைப் பொத்திக்கிட்ட மாதிரி, அப்பறம் அந்தக் கடைசிக் குழிக்கிட்ட இருக்கற ஜனம் போட்டுதே ஒரு சத்தம், அலை மாதிரி அங்க இருந்து இங்க வரைக்கும் உருண்டு வருது, கொடி நட்டுட்டு நின்ன அந்த வயசானவரு என்ற கையைப் புடிச்சுக் குலுக்கறாரு, நான் பையைத் தூக்கிட்டு மேட்டு மேல ஓடினேன், ஓடக்கூடாது, கேடி ஓடினா அழகில்ல, ஓடினேன். பாத்தா, குழியில இருந்து ரெண்டு கட்டில் நீளம், அவ்வளவுதான், பந்து வெள்ளையா நிக்குது. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. சந்தோசம்தான், வேற என்ன. போனாலும் போகட்டும் பை, இந்த அடிக்கு ஏழுன்னு சொன்னவ நானுதான், அதை எவனும் அழிக்க முடியாது.

இங்க ஒரு வழக்கம் இருக்குது. ஜெயிக்கப் போறவன் கடைசிக் குழிக்கு நடந்து வர்றப்ப, கூட ஆடினவன் நின்னுக்குவான், கேடிங்க நின்னுக்குவாங்க, அவனைத் தனியா உட்டுருவாங்க, ரெண்டு பக்கமும் ஜனம் எந்திரிச்சு நின்னு கை தட்டும், அந்த நடை அவனுக்கு மட்டும். லார்ஸு நின்னுட்டான். அவன் கேடி நின்னுட்டான். நானும் நின்னேன், பின்னால நடக்கறது எனக்கென்ன புதுசா, சென்னிமலைப் படிக்கட்டுலயும் இப்படித்தான், முன்னால அம்மாவும் மகனும் போவாங்க, பின்னால தேங்காப்பழக் கூடையோட நான். இவரு போறாரு. தொப்பியைக் கழட்டிட்டாரு, முடி கொட்டின எடம் வெயில்ல மினுங்குது, வேண்டாமுங்க மாமா, டி.வி.யில தெரியும், போட்டுக்குங்க. கை தட்டறாங்க பாருங்க, மழை வந்து ஓட்டு மேல அடிக்கற மாதிரி நிக்காம அடிக்குது, வெள்ளைக்காரக் கெழவி ஒருத்தி அழுவறா, எதுக்குன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்காது, நான் மெதுவா, தள்ளியே, பையோட வாரைப் புடிச்சுக்கிட்டு வர்றேன். நல்லா இருங்க சாமி, நல்லா நடங்க, இது உங்களுது. அப்ப நின்னாரு. நட்ட நடுவுல, அத்தனை சத்தத்துல, நின்னுட்டாரு. ஷூவுக்குள்ள கல்லு கில்லு குத்திருச்சான்னு பாத்தேன். இல்ல. திரும்பினாரு. என்னைப் பாத்தாரு. பாத்துட்டு அப்படியே நிக்கறாரு.

கை தட்டறது கொஞ்சம் கொறஞ்சுது, ஜனத்துக்குப் புரியல, அப்பறம் புரிஞ்சு போயி சிரிக்கறாங்க, இன்னும் எச்சாத் தட்டறாங்க. லார்ஸு பின்னால இருந்து உனக்காகத்தான் நிக்கறாருங்கறான், தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி. தெரியுது தம்பி. எனக்கு ஓடோணும்னுதான் கால் துடிச்சுது. ஓடல. பத்து வருசமா நான்தான் நின்னிருக்கறேன், கதவுக்கிட்ட, அடுப்புக்கிட்ட, வண்டிக்கிட்ட, இன்னும் வரலையேன்னு. இன்னைக்கு அவரு நிக்கட்டும். உலகமே பாக்கட்டும், அவரு நிக்கறதை. மாமியா பாக்கட்டும், பெரியப்பா பாக்கட்டும், சேப்புத் தொப்பி கண்ணை நல்லாத் தொடச்சுட்டுப் பாக்கட்டும். என்ற நடையிலயே நடந்தேன், ஒரு அடி கூட வெசையா வெக்கல, நெஞ்சு மட்டும் எனக்கு முன்னால ஓடிப் போயி அவருகிட்ட நின்னுக்கிச்சு. பக்கத்துல போனதும் அவரும் நடக்க ஆரம்பிச்சாரு, என்ற நடைக்குச் சரியா, ஜனத்தைப் பாத்துத் தொப்பியை ஆட்டிக்கிட்டே, என்னைப் பாக்காம சொன்னாரு.

“அடுத்த வாரம் ஜெர்மனியில மழையாம். பையில கொடை ஒண்ணு எச்சா எடுத்து வெச்சுக்கோ.”

கயித்தோரமா நிதின் கையாட்டறான், எனக்கா அவருக்கா தெரியல. கண்ணைத் தொடைக்கலாம்னா ரெண்டு கையும் பையைப் புடிச்சிருக்குது. நான் பந்தைப் பாத்தேன், குழியைப் பாத்தேன், நடுவால புல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தேன்.

“அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க மாமா. இடது பக்கம் எறக்கம் இருக்குது. மொதல்ல அதையப் பாருங்க.”